அது யார் வீட்டு நம்பர்?

வெளிநாட்டு மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் அறை என்று இப்போது கதவில் பலகையே மாட்டியிருக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. என் காலத்தில் பலகையும் இல்லை, அறையும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு கறுப்பு டெலிபோன், மழை வந்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான். வேதியியல் வகுப்பு எடுத்தது போக மிச்ச நேரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தபால்காரர் கதவைத் தட்டினால் தந்தியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த வேலைக்கு என்னை ஏன் போட்டார்கள் என்று பலரும் கேட்டதுண்டு. யோசித்துப் பார்த்தால் பயந்தவள்தான் இதற்குச் சரி. தைரியசாலி ஒருவர் இந்த மேசையில் உட்கார்ந்தால் ‘எல்லாம் கிடைக்கும், போ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். விண்ணப்பம் போய்ச் சேரும்வரை வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க என்னைப் போல் ஒருத்தி வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரித்துவிட்டு மேலே படியுங்கள். காரமடைப் பையன் ஒருவன் விண்ணப்பத்தை அழகாகத் தட்டச்சு செய்து முடித்து, தபாலில் சேர்ப்பதற்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போனான். அவன் அம்மா அதைக் கோயிலில் சாமி காலடியில் வைத்து எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமமும் வைத்துக் கொடுத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார். குங்குமம் விழுந்த இடம் அவனுடைய மதிப்பெண். எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தோம். அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்கப்போகிறது என்றால் எல்லோருக்கும் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வரும் என்பதை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். பிற்பாடு அது எப்படி வந்து நிற்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மரகதம் என்று ஒரு மாணவி. சூலூர்ப் பக்கம். அப்பா ரங்கன், ஒரு தறிக்கூடத்தில் தறி ஓட்டுகிறவர். அம்மா காடு கழனி வேலைக்குப் போகிறவர். ரங்கனுடைய அப்பாவும் அவருடைய அப்பாவும் அதே முதலாளி குடும்பத்தின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பம் தோட்டத்திலிருந்து மில்லுக்கும் தறிக்கும் வந்தபோது இவர்களும் கூடவே வந்தார்கள். குடியிருப்பது தறிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில். அதுவும் முதலாளியுடையது. ஆகவே ரங்கனுக்கு வேலை போனால் வீடும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாங்கள் அந்த நாட்களில் பயந்ததெல்லாம் இதற்காகத்தான்.

மரகதம் நொய்யலில் சாயத்தண்ணீர் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவள். சாயத்தைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எப்படி என்று படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வெளிநாட்டு அரசு ஒன்று, நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து, சொத்தில்லாத குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்து முதுகலை படிக்க வைத்தது. அவளுக்கென்றே அளந்து தைத்தது போல இருந்தது. விண்ணப்பித்தோம். முதல் சுற்றில் தேறினாள். அடுத்தது தொலைபேசியில் நேர்காணல் என்று கடிதம் வந்தது.

தொலைபேசி எண் என்ற இடத்தில் அவள் ஒரு நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டிருந்தாள். உங்களுக்கு பி.பி. என்றால் ரத்த அழுத்தம்தான் தெரியும். அந்தக் காலத்தில் வீட்டில் போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்துக்காரர் நம்பரைக் கொடுத்துப் பக்கத்தில் அப்படிப் போடுவார்கள். யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் குரல் கொடுப்பார்கள், இவர்கள் ஓடிப்போய்ப் பேசுவார்கள். ஊரே அப்படித்தான் போட்டது. நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மாடிப்படிக்கு அடியில் போன் அடித்தது. சென்னையில் இருந்த உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். நல்ல தமிழ், கறாரான குரல்.

“மேடம், உங்க மாணவி மரகதம். அப்பா தறித் தொழிலாளின்னு நீங்களும் சிபாரிசுல எழுதியிருக்கீங்க. விண்ணப்பத்துல குடுத்த நம்பருக்கு நேத்து பேசினேன். எடுத்தவங்க, மரகதம் என் பொண்ணுதான்னு சொன்னாங்க. மில் இருக்கு, தறி இருக்கு, கொடுமுடிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கு, ரெண்டு கார் நிக்குதுன்னு வரிசையா சொன்னாங்க. எது உண்மை?”

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அது ரங்கனுடைய முதலாளி வீட்டு நம்பர். போனை எடுத்த முதலாளியம்மா என்ன செய்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரோ போன் போட்டு ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றால் அது ஒரே காரியத்துக்குத்தான், பெண் கேட்க. விசாரிப்பு வந்தால் யாரும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பழமொழியே வைத்திருக்கிறோம். நாலு வார்த்தை கூடச் சொல்லி ஒரு பெண்ணைக் கரையேற்றுவது புண்ணியம், இருப்பதைச் சொல்லிக் கெடுப்பது பாவம். முதலாளியம்மா புண்ணியம் செய்திருக்கிறார்.

இதைச் சென்னைக்காரப் பெண்ணிடம் எப்படி விளக்குவது? விளக்கினேன்.

“வருமானச் சான்றிதழ் வச்சிருக்கோமே, மேடம்” என்றேன்.

“சான்றிதழை எப்படி வாங்குவாங்கன்னு எங்களுக்கும் தெரியும், மேடம். நீங்க சிபாரிசு செஞ்சவங்க, உங்க வார்த்தை மட்டும் போதாது. நாளைக்குக் குழுவே அவகிட்ட கேக்கும். அவ வாயால தெளிவா வரணும். இல்லைன்னா ஃபைலை மூடிடுவாங்க. உங்க காலேஜிலிருந்து அடுத்து வர்றவங்களையும் நாங்க யோசிச்சுத்தான் பார்ப்போம்.”

நேர்காணலைக் கல்லூரி போனுக்கு மாற்றித் தரும்படி கெஞ்சினேன். இந்த நேரத்தில் நம்பரை மாற்றினால் சந்தேகம் கூடத்தான் செய்யும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மாடிப்படியில் பையன்கள் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். இவர்களில் எத்தனை பேருடைய விண்ணப்பம் இனி அந்த அலுவலகத்தில் சந்தேகத்தோடு பிரிக்கப்படும் என்று நினைத்தேன். பிற்பகல் வகுப்பை வேறொருவரை எடுக்கச் சொல்லிவிட்டு சூலூர் பஸ் ஏறினேன்.

முதலில் லைன் வீட்டுக்குப் போனேன். ரங்கன் அப்போதுதான் தறியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு. விஷயத்தைச் சொன்னேன். முதலாளியம்மாவிடம் போய், நீங்கள் சொன்னதால் காரியம் கெடப்போகிறது, நீங்களே சென்னைக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்கப்போகிறேன் என்றேன். அவர் என் காலில் விழாத குறை.

“ஏனுங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, அப்படிக் கேட்டுப்போடாதீங்க. அவிய நல்லதுக்குத்தானுங்களே சொன்னாங்க? நீங்க சொன்னது பொய்யின்னு அவிய மூஞ்சிக்கு நேரா சொல்ல நாம யாருங்க? படிப்பு போனாப் போவுதுங்க. தறியும் ஊடும் போச்சுன்னா நாங்க எங்கீங்க போவோம்?”

மரகதம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பயந்தவள் என்று சொன்னேன் அல்லவா, அந்த வீட்டில் இருந்த பயத்துக்கு முன்னால் என் பயம் ஒன்றுமே இல்லை. என்னுடையது மாதச் சம்பளம் வாங்கும் ஆளின் பயம். அதை அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் பெரிய வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மா வாசலுக்கே வந்து வரவேற்றார். இனிமையான மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். காபி வந்தது, முறுக்கு வந்தது.

“மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு விசாரிச்சாங்க, அம்மணி. நான் உட்டுக் குடுப்பனுங்களா? என்ற மவதானுங்கன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன்” என்றார் பெருமையாக.

சுற்றிச் சுற்றிப் பேசினேன். இந்த உதவித்தொகை இல்லாதவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்றேன். நாளைக்குக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது என்று மென்று விழுங்கினேன். அவர் கையை வீசிச் சிரித்தார்.

“அட உடுங்க அம்மணி. இல்லாதவங்களுக்கு எவன் குடுக்கறான்? பேங்குக்காரன்கூட இருக்கறவனுக்குத்தான் கூப்புட்டுக் குடுக்கறான். ஒண்ணுமில்லாத ஊட்டுப் புள்ளைன்னு சொன்னா அந்தச் சீமைக்காரன் மதிப்பானுங்களா? நீங்க பயப்படாம இருங்க.”

அவர் பார்த்த உலகத்தில் அதுதான் உண்மை. வேண்டுமானால் நாளைக்கு மரகதத்தைக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறேனே, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கடைசியாக ஒரு தூண்டில் போட்டேன். அவர் முகம் சட்டென்று சுருங்கியது.

“ஏனுங்க, எங்க ஊட்டுப் போன் ஆகாதுங்களா?”

“ஐயோ, அப்படியில்லீங்க” என்று எழுந்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அது ரங்கன் தலையில்தான் விழும் என்று தோன்றியது.

பஸ் நிறுத்தம்வரை மரகதம் கூட வந்தாள். இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள், நான் அவளுக்கு என்ன ஆலோசனை சொன்னேன் என்று. உண்மையைச் சொல் என்று சொல்வது எனக்கு எளிது. உண்மைக்கு விலை கொடுக்கப்போவது நான் அல்ல. அதனால் இப்படிச் சொன்னேன்: “அவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு நீதான் முடிவு பண்ணணும். உன் அப்பாவோட தறி, உன் படிப்பு. நீ எதைச் சொன்னாலும் நான் உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன்.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க மேடம்” என்றாள்.

“எனக்கும்தான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது முன்கூடத்தில் மரகதம் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சேலை அந்த வீட்டு மகளுடையது, கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்ணுடையது. போனில் பேசுவதற்குப் பட்டுச்சேலை எதற்கு என்று கேட்டேன்.

“போன்ல தெரியாதுங்கதான். ஆனா கட்டியிருக்கற சேலை பேச்சுல தெரியுமுங்க” என்றார் முதலாளியம்மா.

அந்த வீட்டில் பின்வாசல் தாண்டி அவள் உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சோபாவின் நுனியில் பறவை உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார் முதலாளியம்மா. மரகதம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

அதைவிட என்னை நடுங்க வைத்தது அங்கே இருந்த அமைதி. வீட்டுக்கு ஒட்டினாற்போல்தான் தறிக்கூடம். பகலில் அந்த வீட்டில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

“பேச்சு கேக்கோணுமுல்லீங்க? தறியெல்லாம் நிறுத்தச் சொல்லிப்போட்டேன்” என்றார்.

ஒரு பண்ணையாள் வீட்டுப் பெண்ணுக்காக ஓடுகிற தறியை நிறுத்திய முதலாளியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நல்ல மனசு எங்கள் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். வேலையில்லாமல் நின்ற தறிக்காரர்கள் எல்லோரும் முன்கூடத்தைப் பார்த்தபடி வேப்பமரத்தடியில் நின்றார்கள். ரங்கன் அவர்களுக்கும் பின்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. மரகதம் எடுத்தாள். எனக்கு அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது. பெயர், கல்லூரி, எந்தப் படிப்பு. குரல் நடுங்கினாலும் சொற்கள் சரியாக வந்தன. கொஞ்சம் மூச்சு விட்டேன். அந்த நேரத்தில் பக்கத்திலிருக்கும் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேல் போனது. அந்த இரைச்சலில் கேள்வி காதில் விழாமல் மறுபடி கேட்கச் சொன்னாள். மறுபடி கேட்டார்கள். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அந்தக் கேள்விதான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த முதலாளியம்மாவை மட்டும் பார்க்கவில்லை. இந்தப் பெண் இப்போது எதைச் சொன்னாலும் ஒரு வாழ்க்கை போய்விடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. இணைப்பு அறுந்துவிடக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

மரகதம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். ஆங்கிலத்தில், மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்: “இல்லை, மேடம். உங்களிடம் பேசியவர் இந்தத் தறிக்கூடத்தின் முதலாளி. என் அப்பா அதில் வேலை செய்கிறார். அவர் பெயர் ரங்கன். நாங்கள் இந்த வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறோம்.”

முதலாளியம்மாவுக்கு ஆங்கிலம் எவ்வளவு புரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விசிறி நின்றது. கோவையில் கான்வென்டில் படித்தவர் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். எல்லாம் புரிந்திருந்தது. அவர் முகம் மரத்துப்போயிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மரகதம் போனை மார்போடு அணைத்துக்கொண்டு, “அம்மாவுங்க... அவங்க உங்ககிட்டப் பேசோணுமாமுங்க” என்றாள்.

இப்படி ஒரு நிமிஷம் உங்கள் யாருக்கும் வர வேண்டாம். அந்த அம்மா என்ன சொன்னாலும் தீர்ந்தது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ‘இந்தப் பெண்தான் பொய் சொல்கிறாள், உதவித்தொகைக்காகச் சொந்த வீட்டையே மறைக்கிறாள்’ என்று சொன்னால் முடிந்தது கதை. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. தன் கூடத்தில், தன் மகளின் சேலையைக் கட்டிக்கொண்டு, தறிக்காரர்கள் பார்க்க, ஒரு பெண் அவரைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறாள். அதுவும் மகள் என்று சொன்னதற்காக.

எழுந்து வந்து போனை வாங்கினார். பிறகு எங்கள் கல்லூரி முதல்வரைவிட நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: “அவள் சொல்வதுதான் சரி. அவள் அப்பா எங்களிடம் வேலை செய்கிறார். அவள் தாத்தாவும் எங்களிடம்தான் வேலை செய்தார். அவள் என் மகள் இல்லை. நான் சொன்னது உண்மையில்லை.”

போனை மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் சாயத்தைப் பற்றியும் நொய்யல் தண்ணீரைப் பற்றியும் நிறையப் பேசினாள். நன்றாகவே பேசினாள் என்று நினைக்கிறேன். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உள் அறையிலிருந்து என்ன வரப்போகிறது என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிந்து மரகதம் போனை வைத்தாள். யாரும் வரவில்லை. அவள் பின்கட்டுக்குப் போய்த் தன் சேலையை மாற்றிக்கொண்டு, பட்டுச்சேலையை மடித்து, மல்லிகையையும் எடுத்து அதன் மேல் வைத்து, நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் வெளியே வந்தோம். ரங்கன் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது. எப்போதும் போலத்தான், கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை.

“ரங்கா, அங்க என்ன வேடிக்கை? தறியை ஓட்டு.”

ரங்கன் ஓடினார். ஒரு தறி சத்தம் போட்டது, அடுத்தது, அதற்கடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வேப்பமரத்தடியிலேயே நின்று அழுதுவிட்டேன். வேலை போகவில்லை. வீடு போகவில்லை. கொஞ்ச நாளில் உதவித்தொகையும் கிடைத்தது. மரகதம் விமானம் ஏறினாள்.

கதை இதோடு சுபமாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே போய்ச் சேர்ந்து அவள் முதல் தடவையாக வீட்டுக்குப் பேச நினைத்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். கூப்பிட்டாள். முதலாளியம்மாதான் எடுத்தார்.

“அம்மாவுங்க, நான் மரகதமுங்க. அப்பாவைக் கொஞ்சம் கூப்புட முடியுமுங்களா?”

“அப்படி ஒரு பொண்ணு எங்க ஊட்டுல இல்லீங்களே” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

நம்பர் மாறிவிட்டதோ என்று மரகதம் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே மரியாதை, அதே பதில். பிறகு கல்லூரிக்குக் கூப்பிட்டு என்னிடம் இதைச் சொன்னாள். அவள் அழவில்லை. எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. அவர் தன்னிடம் இருந்ததில் பெரியதைக் கொடுத்தார், அதை இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவர் கண் முன்னாலேயே. தறியை எடுக்கவில்லை, கூரையை எடுக்கவில்லை. கொடுத்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுவும் இந்தத் தடவை ஒரு பொய்யும் சொல்லாமல்.

ஆகவே புதியவர்களே, என் பயத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால் இதுதான். விண்ணப்பத்தில் ஒரு நம்பரைப் பார்த்தால் அது யார் வீட்டு நம்பர் என்று கேளுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்பீர்கள். சரி, விலாசம் யாருடையது, ஜாமீன் கையெழுத்து யாருடையது, கணினி யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வீட்டுக்குள் இந்தப் பிள்ளை எந்த வாசல் வழியாகப் போகிறது என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். கேளுங்கள்.

அதற்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் இருந்த போன்தான் அவர்களுக்கு பி.பி. நம்பர். மரகதம் கூப்பிடும் நாளுக்கு வரும்படி ரங்கனுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம். அழைப்பு வரும் நேரம் நெருங்க நெருங்க நான் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வாட்ச்மேன் வந்து, “மேடம், யாரோ ஒருத்தர் பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு கிட்ட ரொம்ப நேரமா நிக்கறாருங்க. போன் பேச வந்தேங்கறாரு” என்றார்.

ஓடிப்போய்க் கூட்டிவந்தேன், முன்வாசல் வழியாக. வெள்ளை வேட்டி கட்டி, தலையை நன்றாக வாரி வந்திருந்தார். காதோரத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார். போன் அடித்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் எடுத்து, மரகதம்தான் என்று உறுதி செய்துகொண்டு, அவர் கையில் கொடுத்தேன். அதற்கு முன் அவர் எந்தப் போனையும் காதில் வைத்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மரகதம் “அப்பா” என்றது எனக்கே கேட்டது. அவருக்கு விழவில்லையோ, அல்லது போனில் பேசுகிறவர்கள் முதலில் தாங்கள் யார் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ தெரியாது. நிமிர்ந்து நின்று, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில், கல்லூரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“நான் மரகதத்தோட அப்பன் பேசறனுங்க.”